400 அடிக்குக் கீழே யாருக்கு வழி?

2017 செப்டம்பர் 21, மாலை 7.20. நியூயார்க் துறைமுகத்தின் வாயிலில், ஸ்டேட்டன் தீவுக்குச் சற்றுக் கிழக்கே, அமெரிக்கத் தரைப்படையின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று சுமார் 300 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஐ.நா. பொதுச்சபை கூடியிருந்த வாரம் அது. உலகத் தலைவர்கள் ஊரில் இருந்ததால் வான்வெளிக்குத் தற்காலிகத் தடை போட்டிருந்தார்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆகப்போகும் வேளையில் ஒரு ட்ரோன் அந்த ஹெலிகாப்டரில் மோதியது. மேலே சுழலும் பிரதான ரோட்டரின் இறக்கை ஒன்றில் ஒன்றரை அங்குலத்துக்குப் பள்ளம் விழுந்தது. நல்லவேளையாக ஹெலிகாப்டர் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தபோது ட்ரோனின் மோட்டார் ஒன்றும், அதைத் தாங்கும் கையின் துண்டும் உள்ளே சிக்கிக் கிடந்தன. அந்தப் பாகங்களில் கிடைத்த வரிசை எண்ணைக் கொண்டு, தயாரித்த டிஜேஐ நிறுவனத்தின் உதவியோடு உரிமையாளரைக் கண்டுபிடித்தார்கள்.

அவர் மோதல் நடந்த இடத்திலிருந்து இரண்டரை மைல் தள்ளி, புரூக்ளினில் நின்றபடி ஓட்டியிருந்தார். பொழுதுபோக்குக்காக வாங்கிய ஃபேன்டம் 4; எடை 1.4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கையிலிருந்த டேப்லெட் திரைதான் அவருக்குக் கண். அந்த டேப்லெட்டில் செல்போன் இணைப்பு கிடையாது. வான்வெளித் தடை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ட்ரோன் திரும்பி வராததால், பழுதாகித் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். விசாரணை அதிகாரிகள் தேடி வந்த பிறகுதான் நடந்தது என்னவென்று அவருக்குத் தெரிந்தது.

ட்ரோனும் ஆள் ஏறிய வானூர்தியும் வானில் மோதியது அமெரிக்காவில் ஐயத்துக்கு இடமின்றி உறுதியான முதல் சம்பவம் இது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டு காரணங்களைச் சொன்னது. கண்ணுக்கெட்டாத தூரத்துக்குத் தெரிந்தே ட்ரோனை அனுப்பியது முதன்மைக் காரணம். விதிகளையும் பாதுகாப்பு நடைமுறைகளையும் பற்றிய அரைகுறை அறிவு துணைக் காரணம். ட்ரோன் ஆர்வலர்களுக்கும் ஹெலிகாப்டர் விமானிகளுக்கும் இடையே பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வாக்குவாதத்தின் சாரம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு நியாயமும் ஒரே எடையுள்ளவை அல்ல.

முதலில், இரண்டும் ஏன் ஒரே இடத்தில் பறக்கின்றன? அமெரிக்க விதிப்படி விமானங்கள் நெருக்கமான ஊர்களுக்கு மேலே 1,000 அடிக்கும், மற்ற இடங்களில் பெரும்பாலும் 500 அடிக்கும் கீழே இறங்கக் கூடாது. பொழுதுபோக்கு ட்ரோன்கள் கட்டுப்பாடற்ற வான்வெளியில் 400 அடிக்கு மேல் ஏறக் கூடாது. காகிதத்தில் பார்த்தால் நடுவே 100 அடி இடைவெளி இருக்கிறது. புதிதாக ட்ரோன் வாங்குபவர் இதைத்தான் கேள்விப்படுகிறார். 400 அடிக்குக் கீழே இருக்கும்வரை வானம் தனக்கே சொந்தம் என்று நம்பிவிடுகிறார். அந்தக் கீழ்வரம்பு ஹெலிகாப்டருக்குப் பொருந்தாது என்பதை யாரும் அவருக்கு அழுத்திச் சொல்வதில்லை. தரையில் உள்ளவர்களுக்கும் உடைமைகளுக்கும் ஆபத்து நேராத வரை ஹெலிகாப்டர் எவ்வளவு தாழ்வாகவும் பறக்கலாம். அதன் பிழைப்பே அங்கேதான். விபத்தில் அடிபட்டவரை நெடுஞ்சாலையிலிருந்து தூக்கிச் செல்வது, மின்கம்பிகளைப் பார்வையிடுவது, வயலுக்கு மருந்து தெளிப்பது, காட்டுத்தீக்குத் தண்ணீர் மொள்வது, குற்றவாளியைத் தேடுவது என எல்லாமே தாழ்வான வேலைகள். இந்த விமானிகள் யாரும் வேடிக்கைக்காகக் கீழே இறங்குவதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வானம் பெரியது, ட்ரோன் சிறியது, மோத வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று ட்ரோன் தரப்பில் கணக்குச் சொல்வார்கள். இரண்டும் தற்செயலாகத் திரிந்தால் அந்தக் கணக்கு சரி. ஆனால் தீப்பிடித்தால் ஹெலிகாப்டரும் வரும், ட்ரோனும் வரும். போலீஸ் துரத்தினாலும் விபத்து நடந்தாலும் அப்படியே. 2020 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் திருட்டு நடப்பதாகத் தகவல் வந்து போலீஸ் ஹெலிகாப்டர் போனது. சைரன் சத்தம் கேட்ட ஒருவர், என்ன நடக்கிறது என்று பார்க்கத் தன் ட்ரோனை மேலே ஏற்றினார். மோதியது. ஹெலிகாப்டர் அவசரமாகத் தரையிறங்கியது. வழக்கு நடந்தது, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கெட்ட எண்ணம் ஏதும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கூட்டம் கூடும் இடத்துக்குக் கால் தானாகப் போவது மனித இயல்பு. அந்த இயல்புதான் ட்ரோனை ஹெலிகாப்டர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

அதே நகரில் அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில், இரவு நேரத்தில் சுமார் 1,100 அடி உயரத்தில் பறந்த தொலைக்காட்சிச் செய்தி ஹெலிகாப்டர் ஒன்றின் வாலில் ஏதோ இடித்தது. விமானி பறவை என்று நினைத்தார். சேதத்தை ஆராய்ந்தபோது ட்ரோனாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இடித்தால் என்ன ஆகும்? பயணிகள் ஜெட் விமானம் பறவை மோதலைத் தாங்குமாறு கட்டப்படுகிறது. ஹெலிகாப்டரில் நிலைமை வேறு. பெரிய ரகங்கள் ஒரு கிலோ எடையுள்ள பறவை மோதினாலும் பத்திரமாகத் தரையிறங்க வேண்டும் என்று 1996 முதல் அமெரிக்க விதி இருக்கிறது. சிறிய ரகங்களுக்கு அந்த நிபந்தனையே கிடையாது. போலீஸ், செய்தி, பயிற்சி, மருந்து தெளிப்பு ஆகியவற்றுக்குப் பயன்படுபவை பெரும்பாலும் இந்தச் சிறிய ரகங்களே.

2009 ஜனவரி 4 அன்று லூசியானாவில் நடந்ததை ஹெலிகாப்டர் விமானிகள் மறப்பதில்லை. கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற சிக்கார்ஸ்கி எஸ்-76 ஒன்றின் முன்கண்ணாடியில் ஒரு பருந்து மோதியது. அந்தக் கண்ணாடி முன்பிருந்த பல அடுக்குக் கண்ணாடிக்குப் பதிலாகப் பொருத்தப்பட்ட அக்ரிலிக் தகடு. மோதிய அதிர்ச்சியில், மேலே இருந்த தீயணைப்புக் கைப்பிடிகள் இடம் பெயர்ந்து இன்ஜின்களின் கட்டுப்பாட்டு நெம்புகோல்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. இரண்டு இன்ஜின்களும் ஒரே நேரத்தில் வலுவிழந்தன. ரோட்டரின் வேகம் விழுந்தது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஒரு பறவை, ஒரு கண்ணாடி, ஒரு கைப்பிடி. உயிர் போவதற்கு இவ்வளவே போதுமாக இருந்தது.

பறவையின் உடல் பெரும்பாலும் தசையும் நீரும். மோதும்போது நசுங்கிச் சிதறிவிடும். ட்ரோனில் இருப்பவையோ உலோக மோட்டார்களும், கெட்டியான லித்தியம் பேட்டரியும், கேமராவும். ஒரே எடையுள்ள பறவையை விட ட்ரோன் அதிகச் சேதம் விளைவிக்கும் என்று 2017இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஒன்று கணினி மாதிரிகளை வைத்துக் காட்டியது. அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசும் விமானிகள் சங்கமும் ராணுவமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் குறிப்பாகப் பேசியது. பறவை மோதலுக்கென்று சான்று பெறாத ஹெலிகாப்டர் முன்கண்ணாடிகள் ட்ரோனை ஏறக்குறைய தாங்கவே மாட்டா. வால் ரோட்டரும் எளிதில் சேதமாகும். வால் ரோட்டர் போய்விட்டால் ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்றத் தொடங்கிவிடும் என்பதால் விமானிகளுக்கு அதன் மேல்தான் அதிகப் பயம்.

சரி, விமானி பார்த்து விலகிக்கொள்ளக் கூடாதா? ட்ரோன் ஆர்வலர்கள் பலர் மனதார நம்புவது இதைத்தான்: அவர்தான் பயிற்சி பெற்றவர், அவருக்குத்தான் பெரிய கண்ணாடி இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொருளைக் கண்டு, அது இன்னதென்று உணர்ந்து, மோதப்போகிறது என்று முடிவுசெய்து, கையை அசைத்து, வானூர்தி திசை மாறுவதற்கு 12.5 வினாடி ஆகும் என்பது அமெரிக்க விமான நிர்வாகம் விமானிகளுக்குத் தரும் கணக்கு. 100 நாட் வேகத்தில் போகும் ஹெலிகாப்டர் ஒரு வினாடிக்குச் சுமார் 51 மீட்டர் கடக்கிறது. ஆகவே 640 மீட்டருக்கு அப்பாலேயே ட்ரோன் கண்ணில் பட்டாக வேண்டும். ஃபேன்டம் 4இன் மூலைக்கு மூலை அகலம் 35 சென்டிமீட்டர். அதை அந்தத் தூரத்திலிருந்து பார்ப்பதும், பேனாவால் வைத்த ஒரு மில்லிமீட்டர் புள்ளியை ஆறடி தள்ளி நின்று பார்ப்பதும் ஒன்றுதான். அந்தப் புள்ளிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் கிடையாது. மரங்களும் கூரைகளும் சாலைகளும் ஓடிக்கொண்டிருக்கும். போதாததற்கு, நேராக மோத வரும் பொருள் கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். நம் கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும்; அசையாததை விட்டுவிடும். மிக ஆபத்தான ட்ரோன்தான் கண்ணுக்குத் தப்புவதில் முதலிடம் பெறுகிறது.

தரையில் நிற்பவருக்கு இருக்கும் வசதியைப் பாருங்கள். ஹெலிகாப்டர் பெரியது, விளக்கு உள்ளது, எல்லாவற்றுக்கும் மேலாக ஓசை உள்ளது. பல நேரம் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். கட்டடங்களுக்கு நடுவே ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் போகலாம். காற்று எதிர்த்து அடித்தால் தாமதமாகக் கேட்கலாம். ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் ட்ரோனைக் கீழே இறக்கிவிட்டால் போதும். தவறாகக் கணித்தால் அவர் இழப்பது ஒரு பொருளை. விமானி இழப்பது உயிரை. வழிவிடும் கடமை முழுவதையும் ட்ரோன்காரர் மேல் சட்டம் சுமத்தியிருப்பது இதனால்தான். அது சரியான சட்டம்.

இனி ஆர்வலர்கள் பக்கம். அவர்களுடைய மனக்குறையை விமானிகள் போதிய அளவு காது கொடுத்துக் கேட்டதில்லை என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அவர்களின் கழகம் 1936இல் தொடங்கியது. 400 அடிக்குக் கீழே பறக்க வேண்டும், விமானம் வந்தால் வழிவிட வேண்டும் என்று 1981இல் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. கட்டாயம் இல்லை, வேண்டுகோள்தான். பல்லாண்டுகள் அது போதுமானதாக இருந்தது. காரணம் எளிது: ரேடியோ மாதிரி விமானத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் ஓட்ட முடியும். ஒரு கணம் கண்ணை எடுத்தால் விழுந்து நொறுங்கிவிடும். கற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். ஊருக்கு வெளியே தனித் திடல், பக்கத்தில் நின்று வானத்தைக் கவனிக்க ஒரு துணை, கூடவே கண்டிக்கத் தயங்காத மூத்த உறுப்பினர்கள். ஒழுங்கு சட்டத்திலிருந்து வரவில்லை. கருவியின் கடினமும் கூடிப் பழகியதும் சேர்ந்து அதை உண்டாக்கின.

2013இல் ஃபேன்டம் கடைக்கு வந்ததும் அந்தக் கடினம் போய்விட்டது. கையை எடுத்தாலும் ஜி.பி.எஸ். உதவியால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். படம் நேரடியாகத் திரைக்கு வரும். சில ஆண்டுகளில் கிலோமீட்டர் கணக்கில் போய்த் திரும்பும் ரகங்களும் வந்தன. பெட்டியைப் பிரித்த அன்றே யார் வேண்டுமானாலும் பறக்கவிடலாம். கழகம் வேண்டாம், துணை வேண்டாம், வானத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம். ஆனால் திரை காட்டுவது கேமரா நோக்கும் திசையை மட்டுமே. பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வருவது அதில் தெரியாது. இரண்டரை மைல் தள்ளி நின்ற புரூக்ளின்காரருக்கு ஹெலிகாப்டர் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

இந்தப் புதியவர்கள் செய்ததற்குப் பழையவர்களும் சேர்ந்து விலை கொடுத்தார்கள். மாதிரி விமானங்களுக்கு விதி போடக் கூடாது என்று 2012இல் அமெரிக்க நாடாளுமன்றம் தந்த பாதுகாப்பை அதுவே 2018இல் விலக்கிக்கொண்டது. நடுவே, 2015இல் வந்த பதிவுக் கட்டாயத்தை ஓர் ஆர்வலர் தொடுத்த வழக்கில் 2017 மே மாதம் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதுச் சட்டம் அதை மீட்டது. பிறகு இணையவழித் தேர்வு வந்தது. ட்ரோன் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ரேடியோ அலைகளில் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி 2023 செப்டம்பரில் ஆர்வலர்களுக்கும் பொருந்தத் தொடங்கியது. பல்லாண்டு திடலை விட்டு வெளியே பறக்காத பெரியவர்களுக்கு இது அவமதிப்பாகப் பட்டதில் நியாயம் உண்டு.

இன்னொரு குறை, நம்பகமற்ற புகார்கள். 2014 ஜூலையில் நியூயார்க்கின் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தருகே போலீஸ் ஹெலிகாப்டரை ட்ரோன் இடிக்க வந்ததாக இருவரைக் கைது செய்தார்கள். விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் நடந்த உரையாடலின் ஒலிப்பதிவு வெளியானபோது, ஹெலிகாப்டர்தான் ட்ரோனைப் பின்தொடர்ந்தது போலத் தோன்றியது. 2016 ஏப்ரலில் ஹீத்ரோவில் இறங்கிய பயணிகள் விமானத்தில் ட்ரோன் மோதியதாக உலகமே பேசியது. அது பிளாஸ்டிக் பையாகக்கூட இருக்கலாம் என்று பின்னர் பிரிட்டிஷ் அமைச்சரே சொன்னார். 2017 ஜனவரியில் மொசாம்பிக்கில் ஒரு போயிங் 737இன் மூக்கு நசுங்கியதற்கும் முதலில் ட்ரோன் மேல் பழி விழுந்தது. விசாரணையில் அது அந்தப் பாகத்தின் பலவீனம் என்று தெரிந்தது. 2018 டிசம்பரில் கேட்விக் விமான நிலையம் ஒன்றரை நாள் முடங்கி ஏறக்குறைய 1,40,000 பயணிகள் தவித்தார்கள். ட்ரோனும் கிடைக்கவில்லை, ஓட்டியவரும் கிடைக்கவில்லை, சந்தேகத்தில் பிடித்த தம்பதியைக் குற்றச்சாட்டு ஏதுமின்றி விட்டுவிட்டார்கள். ஆறடி தள்ளி இருக்கும் மில்லிமீட்டர் புள்ளியைக் காண முடியாது என்பது உண்மையானால், கண்டதாகச் சொல்லும் புகார்கள் எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பதும் உண்மைதானே என்று ஆர்வலர்கள் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. புகார்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சட்டம் செய்வது தவறு.

ஆனால் காட்டுத்தீயின் முன்னால் இந்த வாதங்கள் எல்லாம் தணிந்துவிடுகின்றன. அங்கே மோதல் நடக்கவே தேவையில்லை. ட்ரோன் ஒன்று தென்பட்டாலே தண்ணீர் கொட்டும் வானூர்திகளை ஒதுக்கிவிடுவார்கள். 2015 ஜூலையில் தென் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் தீ நெடுஞ்சாலைக்குள் பாய்ந்து வாகனங்கள் எரிந்துகொண்டிருந்தபோது, ட்ரோன்கள் சுற்றியதால் வான்வழித் தீயணைப்பு ஏறக்குறைய 20 நிமிடம் தடைப்பட்டது. நீங்கள் பறந்தால் நாங்கள் பறக்க முடியாது என்பது அமெரிக்க வனத்துறையின் நிரந்தர எச்சரிக்கையாகவே ஆகிவிட்டது. இருந்தும் 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் பாலிசேட்ஸ் பகுதி எரிந்தபோது, கனடாவின் கியூபெக் மாநிலம் உதவிக்கு அனுப்பிய தண்ணீர் விமானத்தின் இடது இறக்கையை ஒரு ட்ரோன் துளைத்தது. சுமார் மூன்றுக்கு ஆறு அங்குல ஓட்டை. தீ உச்சத்தில் இருந்த நாட்களில் அந்த விமானம் தரையில் நின்றது. ஹெலிகாப்டர் இல்லைதான், ஆனால் பாடம் ஒன்றே. ஓட்டியவர் சாண்டா மோனிகாவில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தீயைப் பார்க்க 2,500 மீட்டர் தூரம் ட்ரோனை அனுப்பிவிட்டுப் பார்வையிலிருந்து தவறவிட்டிருந்தார். பொம்மை என்று பலரும் நினைக்கும் சின்ன ரகம் அது. எடை கால் கிலோவுக்கும் குறைவு.

தொழில்நுட்பம் வழி காட்டுமா? ஓரளவு காட்டும். விமானங்கள் தம் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி முறையைக் கேட்டு எச்சரிக்கும் கருவியை, 2020 முதல் வரும் 250 கிராமுக்கு மேற்பட்ட தன் ட்ரோன்களில் பொருத்துவதாக டிஜேஐ அறிவித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதிகம் விற்கும் மிகச் சிறிய ரகங்களுக்கு இது பொருந்தாது. மறுபக்கம், தாழ்வாகப் பறக்கும் ஹெலிகாப்டர்கள் பலவற்றுக்கு ஒலிபரப்புக் கட்டாயமில்லை. ராணுவ ஹெலிகாப்டர்களுக்கு விலக்கும் உண்டு. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் பயணிகள் விமானத்தோடு மோதி 67 பேரைப் பலிகொண்ட பிளாக் ஹாக்கும் அப்போது ஒலிபரப்பவில்லை. தடைப் பகுதிக்குள் ட்ரோன் நுழையாமல் தடுக்கும் மென்பொருள் வேலியையும் டிஜேஐ அதே மாதம் அமெரிக்காவில் நீக்கிவிட்டு வெறும் எச்சரிக்கையாக மாற்றியது. பொறுப்பு ஓட்டுபவருடையது என்பது அதன் விளக்கம். சட்டப்படி சரி, ஆனால் லாஸ் ஏஞ்சலிஸில் தீ எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அதைச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்க விமான நிர்வாகம் முன்வைத்த வரைவு விதி வாக்குவாதத்தைப் புதுத் திசைக்குத் திருப்பியது. கண்ணுக்கெட்டாத் தூரம் பறக்கும் வணிக ட்ரோன்கள், ஒலிபரப்பும் வானூர்திகளுக்கு வழிவிட வேண்டும். ஒலிபரப்பாதவற்றுக்குப் பல இடங்களில் வழிவிடத் தேவையில்லை. மனிதர் ஏறிய ஊர்தி ஆளில்லாததற்கு வழிவிடுவதா என்று விமானிகள் கொதித்தார்கள். கொதிப்பு நியாயமே. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஒருவர் எப்படி வழிவிடுவார்? அதேசமயம், தாழ்வாகப் பறக்கும் ஒவ்வொரு ஹெலிகாப்டரும் தன் இருப்பிடத்தை ஒலிபரப்ப வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. அதற்கான கருவி ஹெலிகாப்டரின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை. விமானிகள் சங்கங்கள் இதை எதிர்ப்பதை விட்டுவிட்டுத் தாங்களே முன்வந்து கேட்க வேண்டும்.

என் முடிவு இது. 400 அடி என்ற எண்ணை விட, கண்ணுக்கெட்டும் தூரம் என்ற விதிதான் உயிர் காப்பது. மேலே சொன்ன ட்ரோன் மோதல்களில் கொடியவை இரண்டு, ஸ்டேட்டன் தீவும் பாலிசேட்ஸும், தூரத்தால் நேர்ந்தவை. கண்ணெதிரே பறக்கும் ட்ரோனை உடனே இறக்கத் தொடங்கலாம். மைல் கணக்கில் போய்விட்ட ட்ரோனை ஓட்டுபவர் அந்த இடத்தில் இல்லவே இல்லை.

நம் நாட்டுக்கும் இது வந்துவிட்டது. 2021 ஆகஸ்டு ட்ரோன் விதிகளின்படி கட்டுப்பாடு இல்லாத பகுதியாகக் குறிக்கப்பட்ட பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். 250 கிராம் வரையிலான நானோ ரகத்துக்கும், வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடும் 2 கிலோ வரையிலான மைக்ரோ ரகத்துக்கும் விமானிச் சான்றிதழ் தேவையில்லை. அதாவது பயிற்சி கட்டாயமில்லாதவர் கையில்தான் இந்தப் பொறுப்பு முழுவதும் இருக்கிறது. உங்களிடமோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமோ ட்ரோன் இருந்தால், மூன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். திரையைப் பார்க்க ஒருவர், வானத்தைப் பார்க்க ஒருவர் என்று இருவராகப் போங்கள். தீ, விபத்து, வெள்ளம் என்று கேள்விப்பட்டால் ட்ரோனைப் பெட்டியிலேயே வையுங்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால், அது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் ட்ரோனை இறக்கிவிடுங்கள்.